ஏஐக்கு ஒரு கேள்வி: ஐந்து சொட்டா, அரை லிட்டரா? தாமிரபரணிக் கரையில் போட்டுப் பார்க்கும் கணக்கு

சாட்ஜிபிடியிடம் ஒரு மின்னஞ்சல் எழுதித் தரச் சொன்னால் அரை லிட்டர் தண்ணீர் காலி என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒரு கேள்விக்கு ஐந்து சொட்டுத்தான் செலவு என்று கூகுள் சொல்வதாக இன்னொரு செய்தி. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 2,000 மடங்கு வித்தியாசம். இரண்டையும் படித்தவர்கள் எதை நம்புவது என்று குழம்பாமல் என்ன செய்வார்கள்?

இரண்டு எண்களுமே இட்டுக்கட்டியவை இல்லை. எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதை முதலில் பார்ப்போம். அதற்குப் பிறகு, ஒரு கேள்விக்கு எவ்வளவு என்ற கணக்கு நெல்லைச் சீமையில் இருக்கிற நமக்கு ஏன் போதாது என்று பார்ப்போம். மின்சாரம், ஆற்றுத் தண்ணீர், தாமிரம், கடற்கரை மணல் என்று பெரிய தொழில்கள் கேட்ட ஒவ்வொன்றையும் கொடுத்துப் பழகிய மண் இது. செலவு எந்த ஊரில், எந்த மாதத்தில், யார் தலையில் விழுகிறது என்று கேட்க நமக்குக் காரணம் இருக்கிறது.

அடிப்படை: கேள்வி எங்கே போகிறது?

போனில் தட்டும் கேள்வி ஒரு டேட்டா சென்டருக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான சர்வர்கள் அடுக்கடுக்காக நிற்கும் பெரிய கட்டடம் அது. சாதாரண சர்வருக்கும் ஏஐ சர்வருக்கும் உள்ள முக்கிய வேறுபாடு ஜிபியு என்ற சிப். என்விடியாவின் எச்100 என்ற ஒரு ஜிபியு மட்டும் 700 வாட் வரை இழுக்கும். ஒரு சர்வர் பெட்டியில் இப்படி எட்டு. மற்ற பாகங்களும் சேர்ந்து பெட்டி ஒன்று முழுவேகத்தில் 10 கிலோவாட் வரை கேட்கும். இழுத்த மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டை அகற்றாவிட்டால் சிப் கெட்டுவிடும். ஆகவே மின்சாரச் செலவும் குளிரூட்டும் செலவும் சேர்ந்தே நடக்கின்றன.

இரண்டு கட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. பயிற்சி. ஏராளமான எழுத்துகளைக் கொடுத்து மாடலை, அதாவது பதில் சொல்லும் மென்பொருளை, உருவாக்கும் வேலை. 2020-இல் வந்த ஜிபிடி-3 மாடலின் பயிற்சிக்கு 12,87,000 யூனிட் மின்சாரம் செலவானதாகவும், 552 டன் கார்பன் டைஆக்சைடு வெளியானதாகவும் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பிறகு வந்த மாடல்கள் இதைவிடப் பல மடங்கு பெரியவை. அவற்றுக்கு ஆன செலவை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை.

2. பதில் தருதல். உருவான மாடல் ஒவ்வொரு கேள்விக்கும் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும் வேலை. ஒரு தடவைக்குச் சிறிய செலவுதான். ஆனால் உலகம் முழுவதும், நாள் முழுவதும், நிற்காமல் நடக்கிறது.

அரை லிட்டர் எங்கிருந்து வந்தது, ஐந்து சொட்டு எங்கிருந்து வந்தது?

2023-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்து ஆய்வாளர் ஷாவ்லெய் ரென் குழு ஒரு கணக்குப் போட்டது. ஜிபிடி-3 நடுத்தர நீளத்தில் 10 முதல் 50 பதில்கள் சொன்னால் அரை லிட்டர் தண்ணீர் செலவாகும் என்றார்கள். 'ஒரு கேள்விக்கு அரை லிட்டர்' என்று அவர்கள் சொல்லவில்லை. பரவும்போது அப்படிச் சுருங்கிவிட்டது. 2024-இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அதே பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, ஜிபிடி-4 எழுதும் 100 சொல் மின்னஞ்சலுக்கு 519 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டது. மின்னஞ்சல் செய்தியின் மூலம் இதுதான்.

2025 ஆகஸ்டில் கூகுள் தன் கணக்கை வெளியிட்டது. தன் ஏஐயான ஜெமினியிடம் கேட்கும் நடுத்தரமான ஓர் எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட்-மணி மின்சாரம், 0.26 மில்லிலிட்டர் தண்ணீர். ஐந்து சொட்டு. இந்தக் கணக்குப்படி ஒரு யூனிட் மின்சாரத்தில் நாலாயிரத்துக்கும் மேல் கேள்விகள் கேட்கலாம்.

வித்தியாசம் ஏன்?

1. ரென் குழு இரண்டு இடத்துத் தண்ணீரையும் எண்ணியது: டேட்டா சென்டரில் ஆவியாவது, அதற்கு மின்சாரம் தரும் மின்நிலையத்தில் ஆவியாவது. கூகுள் டேட்டா சென்டரில் செலவாவதை மட்டும் எண்ணியது.

2. கூகுளின் எண் வரிசையின் நடுவில் நிற்கும் கேள்விக்கானது. நீளமான பதில், படம், வீடியோ இதில் வராது. பயிற்சிச் செலவும் வராது.

3. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் சிப்பும் மென்பொருளும் நிஜமாகவே சிக்கனமாகியிருக்கின்றன. ஓர் ஆண்டில் ஒரு கேள்விக்கான மின்சாரத்தை 33 மடங்கு குறைத்துவிட்டதாகக் கூகுள் சொல்கிறது.

மூன்றாவது காரணத்தைக் கேட்டால் நிம்மதியாக இருக்கும். ஆனால் அதே கூகுளின் டேட்டா சென்டர்கள் எடுத்த மொத்த மின்சாரம் 2024-இல் முந்தைய ஆண்டைவிட 27 சதவீதம் கூடியது. ஒரு கேள்வி மலிவாக ஆக, ஏஐயை நுழைக்கும் இடங்களும் கூடிக்கொண்டே போகின்றன. தேடல், மின்னஞ்சல், கேமரா, வாடிக்கையாளர் சேவை எல்லாவற்றிலும், நாம் கேட்காமலேயே. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்தபோது நிலக்கரிச் செலவு கூடியது என்று 1865-லேயே ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் காட்டியிருக்கிறார். அதனால்தான், ஒரு கேள்விக்கு எவ்வளவு என்பதை வைத்து ஏஐயின் சுமையை அளப்பது சரியாக வராது என்பது என் கருத்து. அந்த எண் எவ்வளவு சிறியதானாலும் மொத்தம் பெரிதாகிக்கொண்டே போக முடியும்.

தமிழில் கேட்டால் கூடுதல் செலவு

பலர் கவனிக்காத ஒன்று. மாடல் எழுத்தை அப்படியே படிப்பதில்லை. டோக்கன் என்ற சிறு துண்டுகளாக வெட்டிப் படிக்கிறது. எத்தனை டோக்கனோ அத்தனை கணக்கு, அத்தனை மின்சாரம், அத்தனை கட்டணம். வெட்டும் முறையை ஆங்கிலத்தை மனதில் வைத்து அமைத்ததால் தமிழ் பொடிப்பொடியாக உடைந்தது. 2024-இல் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பல மொழிகளில் கொடுத்துத் தன் பழைய முறையையும் புதிய முறையையும் ஒப்பிட்டது. ஆங்கிலத்தில் 27 டோக்கன் 24 ஆனது. தமிழில் 116 டோக்கன் 35 ஆனது. பெரிய முன்னேற்றம்தான். அப்படியும் அதே வாக்கியத்துக்குத் தமிழர் ஒன்றரைப் பங்கு கொடுக்கிறார். அதுவரை நான்கு பங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மின்சாரம்: கூடங்குளத்தை அளவுகோலாக வைத்தால்

சர்வதேச எரிசக்தி முகமையின் 2025 அறிக்கைப்படி, 2024-இல் உலகத்து டேட்டா சென்டர்கள் 41,500 கோடி யூனிட் மின்சாரம் எடுத்தன. உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். 2030-இல் 94,500 கோடி யூனிட் ஆகலாம் என்பது அவர்கள் கணிப்பு. இது முழுவதும் ஏஐ இல்லை. வங்கி, வீடியோ, மின்னஞ்சல் எல்லாம் சேர்ந்தது. ஆனால் இந்த வேகமான வளர்ச்சிக்கு முக்கியக் காரணம் ஏஐ சர்வர்கள்தான் என்று அதே அறிக்கை சொல்கிறது.

கோடிக்கணக்கில் சொன்னால் மனதில் நிற்காது. கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளும் தலா 1,000 மெகாவாட். ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடினால் 1,752 கோடி யூனிட் வரும். அப்படியானால் 2024-இன் செலவு, கூடங்குளத்தின் இரண்டு உலைகளைப்போல ஏறத்தாழ 24 மடங்கு. 2030-க்கான கணிப்பு 54 மடங்கு. கூகுள் 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்துக்கு அறிவித்த ஏஐ மையம் மட்டும் 1 ஜிகாவாட் அளவுக்கானது. கூடங்குளத்தின் ஓர் உலை அளவு.

இந்த ஒப்பீட்டை வேண்டுமென்றேதான் எடுக்கிறேன். ஓர் உலை வருவது என்றால் என்ன என்று ராதாபுரம் வட்டாரத்துக்குத் தெரியும். இடிந்தகரையில் 2011, 2012-இல் உலையை எதிர்த்துப் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குத் தெரியும். மின்சாரத்துக்கு ஆதரவாக நின்றவர்களும் எதிர்த்து நின்றவர்களும் அந்த ஆண்டுகளில் பேசியது ஒரே விஷயத்தைத்தான்: பலன் எங்கே போகிறது, ஆபத்து எங்கே தங்குகிறது.

சில நாடுகளில் இந்தச் சுமை மின்கட்டமைப்பிலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. அயர்லாந்தில் 2023-இல் மீட்டர் கணக்கில் வந்த மின்சாரத்தில் 21 சதவீதத்தை டேட்டா சென்டர்கள் எடுத்தன. அமெரிக்காவில் மூடிக்கிடந்த த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையை மறுபடி திறந்து 835 மெகாவாட்டையும் எடுத்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் 2024-இல் ஒப்பந்தம் போட்டது.

'நாங்கள் நூறு சதவீதம் பசுமை மின்சாரம்தான் வாங்குகிறோம்' என்று நிறுவனங்கள் சொல்லும்போது ஒரு விஷயத்தைக் கேட்க வேண்டும்: ஆண்டுக் கணக்கிலா, மணிக் கணக்கிலா? கயத்தாறு, பணகுடி, ஆலங்குளம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் காற்று நுழையும் வைகாசி முதல் புரட்டாசி வரை காற்றாலைகள் ஓட்டமாய் ஓடும். மார்கழியில் பல இறக்கைகள் சும்மா நிற்கும். டேட்டா சென்டருக்கு மார்கழியும் இல்லை, ராத்திரியும் இல்லை. ஆடியில் வாங்கிய காற்று மின்சாரத்தை ஆண்டுக் கணக்கில் வரவு வைத்துவிட்டு, மார்கழி இரவில் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் தாளில் 'நூறு சதவீதம்' என்றே வரும். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் தூத்துக்குடியில் சாம்பல் குறையாது.

இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது. 100 மெகாவாட் டேட்டா சென்டர் ஒன்று முழு அளவில் ஓடினால் நாளைக்கு 24 லட்சம் யூனிட். அதாவது நாளொன்றுக்கு 1,680 டன் கார்பன் டைஆக்சைடு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை ஏஐ தலையில் கட்ட முடியாது. அப்படிக் கட்டுவது தவறு. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். கார்பன் கணக்கில் சேரும் ஒவ்வொரு டன்னும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது.

தண்ணீர்: அளவைவிடப் பெரிய பிரச்சினை

டேட்டா சென்டரைக் குளிர்விக்க மலிவான வழி, தண்ணீரை ஆவியாக்குவது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு யூனிட் மின்சாரம் தரும் சூட்டை இப்படி வெளியேற்ற ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டும்.

கங்கைகொண்டான் சிப்காட்டிலோ தூத்துக்குடியிலோ 100 மெகாவாட் டேட்டா சென்டர் ஒன்று வருவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சூடு முழுவதையும் ஆவியாக்கியே வெளியேற்றினால் நாளைக்கு 36 லட்சம் லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அளவு. அப்படியானால் இது 65,000 பேரின் குடிநீர்.

இந்த எண்ணோடு நிறுத்தினால் நான் நேர்மையாக இல்லை என்று அர்த்தம். விவசாயக் கணக்கில் பார்த்தால் இது சிறியது. ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. அந்த டேட்டா சென்டர் ஓராண்டில் ஆவியாக்கும் தண்ணீர் 270 ஏக்கர் ஒரு போக நெல்லுக்குச் சமம். தாமிரபரணிப் பாசனம் 86,000 ஏக்கருக்கு மேல். 'அதில் 270 ஏக்கரா பெரிய விஷயம்?' என்று யாராவது கேட்டால் நியாயமான கேள்விதான்.

பதில் அளவில் இல்லை. தண்ணீர் எப்படிப்பட்ட தேவைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது.

1. நெல் விட்டுக்கொடுக்கும், சர்வர் விட்டுக்கொடுக்காது. ஜூன் மாதம் பாபநாசம் அணையில் தண்ணீர் போதாவிட்டால் கார் பருவ நெல் சாகுபடிக்குத் திறப்பு தள்ளிப்போகும், சில ஆண்டு கார் போகமே கிடையாது. அப்போது வயல் தரிசாகக் கிடக்கும். மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளுக்குக் கீழே இருக்கும் கடைமடைக்காரர்கள் இதை அனுபவித்துத் தெரிந்தவர்கள். டேட்டா சென்டரைத் தரிசாகப் போட முடியாது. தண்ணீர் குறையும் மாதத்திலும் அதன் பங்கு அப்படியே போக வேண்டும். குறைகிற முழுச் சுமையும் மற்றவர்கள் பக்கம் சாயும்.

2. வெயில் உச்சத்தில் இருக்கும் சித்திரை, வைகாசியில்தான் குளிரூட்டும் தேவையும் உச்சத்தில் இருக்கும். ஆறு மெலிந்து கிடக்கும் மாதங்களும் அவைதான். ஆண்டு மொத்தத்தைக் காட்டி 'சிறியது' என்று சொல்லும் கணக்கில் இது மறைந்துபோகும்.

3. வயலுக்குப் பாயும் தண்ணீரில் ஒரு பங்கு மண்ணில் இறங்கிக் கிணற்றுக்கும் கீழ்க்குளத்துக்கும் வந்து சேரும். ஆவியானது அந்த ஆற்றுக்குத் திரும்பாது. மிஞ்சி வெளியேறும் தண்ணீரில் உப்பும் ரசாயனமும் செறிந்திருக்கும்.

4. இதே ஆறுதான் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களோடு விருதுநகர் மாவட்டத்துக்கும் குடிநீர் கொடுக்கிறது. கோவில்பட்டியும் விளாத்திகுளமும் குடிப்பது தாமிரபரணியைத்தான். தூத்துக்குடி ஆலைகளுக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நாளைக்கு 20 மில்லியன் காலன், அதாவது ஏறத்தாழ 9 கோடி லிட்டர் எடுக்கும் திட்டமும் இந்த ஆற்றில்தான். புதிதாக வருபவர் காலி இலையில் உட்காரவில்லை. பந்தி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது.

விட்டுக்கொடுக்காத தேவை வந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தைவான் உதாரணம் இருக்கிறது. உலகத்தின் மிக நுட்பமான சிப்கள் பெரும்பாலும் அங்கேதான் தயாராகின்றன. சிப் கழுவ மிகத் தூய்மையான தண்ணீர் ஏராளமாக வேண்டும். 2021 வறட்சியில் அரசு பெரும் பரப்பில் பாசனத்தை நிறுத்தியது. விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுத்து வயலைத் தரிசாகப் போடச் சொன்னது. சிப் ஆலைகளுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் போனது. அந்த நாட்டுப் பொருளாதாரத்தில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவாக இருக்கலாம். முடிவெடுக்கும் நேரம் வந்தால் யார் கையில் பேரம் பேசும் பலம் இருக்கும் என்பதை அது தெளிவாகக் காட்டியது.

தண்ணீர் இல்லாமல் குளிர்விக்க முடியாதா? முடியும். உள்ளேயே சுற்றிவரும் மூடிய குழாய் முறையில் தண்ணீர் மிகக் குறைவாகப் போதும். ஆனால் மின்சாரம் கூடுதலாகும். ஒன்றில் மிச்சம் பிடித்தால் இன்னொன்றில் ஏறும். எது எந்த ஊருக்குக் குறைந்த கேடு என்று பார்த்துத் தேர்வு செய்ய வேண்டியது. அந்தத் தேர்வை இப்போது நிறுவனம் மட்டுமே செய்கிறது.

மண்ணிலிருந்து எடுப்பது

டேட்டா சென்டர் முழுக்கத் தாமிரம் ஓடும்: மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், குளிரூட்டும் குழாய். தாமிரத்தின் விலை என்ன என்று தூத்துக்குடிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஸ்டெர்லைட் உருக்காலைக்கு எதிரான ஊர்வலத்தின்மீது 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆலை மூடப்பட்டது. திறக்கக் கேட்ட மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. அந்த ஆலை ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்டது. அது மூடிய பிறகு இந்தியா சுத்திகரித்த தாமிரத்தை நிகரமாக இறக்குமதி செய்யும் நாடானது. தாமிரத் தேவை குறையவில்லை. வேறொரு நாட்டு ஊரின் காற்றுக்கும் தண்ணீருக்கும் இடம் மாறியது. தூத்துக்குடி மக்கள் கேட்டது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே நியாயம் அந்த இன்னொரு ஊருக்கும் வேண்டும். ஏஐ அந்தத் தேவையை மேலும் ஏற்றுகிறது.

கடற்கரையிலும் இதே கதை. தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரையிலான மணலில் கார்னெட், இல்மனைட், மோனசைட் என்ற தாதுக்கள் இருக்கின்றன. மோனசைட்டில் தோரியத்தோடு நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களும் உண்டு. ஹார்டு டிஸ்க்கிலும் குளிரூட்டும் விசிறி மோட்டார்களிலும் இருக்கும் வலுவான காந்தம் நியோடிமியத்தில் செய்தது. இந்தக் கடற்கரையில் தாது மணல் அள்ள 2013-இல் தமிழ்நாடு அரசு தடை போட்டது. அருமண் தனிமங்களுக்கு உலகப் போட்டி சூடாகச் சூடாக, இந்த மணலின் மீதும் தேரிக்காட்டின் மீதும் கண் திரும்பும். உவரி, பெரியதாழை பக்கத்து மீனவர்கள் அதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய சர்வர்கள் ஒரு சில ஆண்டிலேயே கழிக்கப்படுகின்றன. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம் மட்டும்.

மனிதர்கள்: திரைக்குப் பின்னால் துண்டுக்கூலி

மாடல் தானாக எல்லாம் கற்றுக்கொள்வதாகத் தோன்றும். உண்மையில் ஏராளமான மனிதர்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தப் படத்தில் இருப்பது சைக்கிள், இந்தப் பதில் நல்லது, இந்த எழுத்து ஆபாசம், இது வன்முறை என்று குறித்துக்கொடுக்கும் வேலைக்கு டேட்டா அனோட்டேஷன் என்று பெயர். சாட்ஜிபிடி கொடூரமான எதையும் கக்காமல் இருக்க, அந்தக் கொடூரங்களை யாராவது படித்து அடையாளம் குறிக்க வேண்டியிருந்தது. கென்யாவில் சாமா என்ற ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக அதைச் செய்தவர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகவே கூலி கிடைத்தது என்று டைம் பத்திரிகை 2023 ஜனவரியில் வெளிக்கொண்டுவந்தது. குழந்தைகள் மீதான கொடுமை, சித்திரவதை பற்றிய எழுத்துகளை நாள் முழுவதும் படித்து மனம் உடைந்ததை அந்தத் தொழிலாளர்கள் சொன்னார்கள். இந்தியாவிலும் சிறு நகரங்களில் இந்த வேலை நடக்கிறது. வீட்டிலிருந்தே செய்யும் பெண்கள் பலர்.

மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான அமைப்பு இது. பீடி சுற்றும் பெண் இலையும் தூளும் வாங்கிவந்து வீட்டில் சுற்றுகிறார். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கழித்துப் போட்ட பீடிக்குக் காசு கிடையாது. முதுகு வலியும் இருமலும் அவர் கணக்கில். டேட்டா அனோட்டேஷனிலும் ஒரு படத்துக்கு அல்லது ஒரு வேலைக்கு இவ்வளவு. தரமில்லை என்று கழித்தால் கூலி இல்லை. ஏன் கழித்தார்கள் என்று கேட்க ஆள்கூட இருக்காது.

ஒரு வித்தியாசம் முக்கியமானது. 1966-இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் உட்கார்ந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்று ஏற்றது. அதற்குப் பின்னால் நீண்ட சங்கப் போராட்டம் இருந்தது. இணையத்தளம் வழியாக அனோட்டேஷன் செய்பவரைச் சட்டம் இன்னும் அப்படிப் பார்க்கவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளர் (நிரந்தர முதலாளி இல்லாமல் வேலைக்கு வேலை கூலி பெறுபவர்) என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அதில் குறைந்தபட்சக் கூலிக்கு உரிமை வரவில்லை. பீடிக்குக் கிடைத்த அங்கீகாரம் ஏஐக்கு வேலை செய்பவருக்கு இல்லை என்பது சின்ன விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், இழக்கும் வேலைகள். டைப்பிங், டிரான்ஸ்கிரிப்ஷன், நூல் வடிவமைப்பு, கால் சென்டர் என்று சென்னைக்குப் போகாமல் ஊரிலேயே பட்டதாரிப் பெண்களுக்குக் கிடைத்த வேலைகள் பல, ஏஐ முதலில் கைவைக்கும் வகையைச் சேர்ந்தவை.

கணக்கு ஏன் மறைகிறது?

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் தி டேல்ஸ் என்ற சிறு நகரம். கூகுள் அங்கே எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு பத்திரிகை கேட்டது. வணிக ரகசியம் என்று சொல்லி, தகவலைக் கொடுக்காமல் இருக்க நகராட்சியே வழக்குப் போட்டது. ஓராண்டுக்கு மேல் இழுத்த பிறகு 2022 டிசம்பரில் விவரம் வந்தது: ஊர்த் தண்ணீரில் கால் பங்குக்கும் மேல்.

இந்தியாவில் ரகசியம் காக்க வழக்குகூடத் தேவையில்லை. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் டேட்டா சென்டர் தனித் தொழிலாக இல்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் கட்டுமானத் திட்டம் என்ற வகையில் அனுமதி வாங்க வேண்டும். அந்த வகைக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. ஓர் அனல்மின் நிலையத்துக்குப் பந்தல் போட்டு, கலெக்டர் உட்கார்ந்து, மீனவரும் உப்பளத் தொழிலாளியும் மைக் பிடித்துக் கேள்வி கேட்கும் அந்த ஒரு நாள் இதற்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ 500 கிலோவாட்டுக்கு மேல் உள்ள டேட்டா சென்டர்கள் மின்சார, தண்ணீர்க் கணக்கைத் தெரிவிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்திருக்கிறது. தமிழ்நாடு 2021-இல் டேட்டா சென்டர் கொள்கை வெளியிட்டது. முதலீட்டை ஈர்ப்பது அதன் முக்கிய நோக்கம்.

வந்தால் என்ன கேட்கலாம்?

டேட்டா சென்டரே வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. ஏஐயைப் பயன்படுத்திக்கொண்டே 'எங்கள் ஊரில் மட்டும் வேண்டாம்' என்பது தாமிரத்தில் நடந்ததைத்தான் மறுபடி செய்யும். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையிலோ, தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவிலோ கேட்கக்கூடியவை:

1. தண்ணீர் எங்கிருந்து? ஆண்டு மொத்தம் வேண்டாம், மாதவாரியாகச் சொல்லுங்கள். ஏப்ரல், மே, ஜூன் கணக்கு தனியாக வேண்டும்.

2. நல்ல தண்ணீர் எதற்கு? சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். திருநெல்வேலி மாநகரின் சாக்கடை தாமிரபரணியில் கலப்பது பற்றிப் பல ஆண்டாக வழக்கும் புகாரும் நடக்கின்றன. டேட்டா சென்டரின் குளிரூட்டும் தண்ணீரை அங்கிருந்து எடுக்கச் செய்தால், சுத்திகரிப்பு நிலையத்துக்கு நிரந்தர வாடிக்கையாளர் கிடைப்பார். ஆற்றுக்கும் நல்லது.

3. மின்சாரம் மணிக் கணக்கில் எங்கிருந்து? காற்று இல்லாத மார்கழி இரவில் எது ஓடும்? டீசல் ஜெனரேட்டர் எத்தனை, மாதம் எத்தனை மணி நேரம் சோதனை ஓட்டம்?

4. கட்டி முடித்த பிறகு நிரந்தர வேலை எத்தனை பேருக்கு? கட்டும்போது இருக்கும் கூட்டத்தைக் காட்டி எண் சொல்லக் கூடாது.

5. தட்டுப்பாடு வந்தால் யாருக்கு முதலில் வெட்டு? பாபநாசம் அணை எந்த அடிக்குக் கீழே இறங்கினால் டேட்டா சென்டருக்குத் தண்ணீர் குறையும், எவ்வளவு குறையும் என்று ஒப்பந்தத்திலேயே எண்ணாக எழுத வேண்டும். கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதற்கு 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. உபரி நீரைத்தான் கொடுக்கிறோம் என்றது அரசுத் தரப்பு. 2017 மார்ச்சில் மனுக்கள் தள்ளுபடியாயின. அடுத்த முறை உபரி என்றால் அணையில் எத்தனை அடி என்பது குழாய் பதிக்கும் முன்பே தாளில் இருக்க வேண்டும்.